போர்டை மாற்றுமுன் டயகிராமை விரியுங்கள்

காப்பியர் சர்வீஸ் தொழிலில் ஒரு பழக்கம் வேரூன்றிக் கிடக்கிறது. மெஷின் ஓடவில்லை, அல்லது திரையில் ஏதோ ஒரு எண் வந்து நிற்கிறது என்றால், உடனே இன்னொரு மெஷினிலிருந்து போர்டைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது. ஓடினால் "போர்டு போச்சு சார்" என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய்க்குப் பில் போடுவது. ஓடாவிட்டால் அடுத்த போர்டு. இப்படிப் பழகியவர் எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் மெஷினுக்குள் மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புகிறது என்பது அவருக்குத் தெரியாமலே போய்விடும். உதிரி போர்டு கையில் இல்லாத நாளில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சர்வீஸ் மேனுவலின் கடைசியில் மடித்து வைத்திருக்கும் சர்க்யூட் டயகிராமைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தவரின் நிலைமை வேறு. ஒரு மல்டிமீட்டர், நாலைந்து அளவுகள், கால் மணி நேரம். எது பழுது என்று எண்களோடு சொல்லிவிடுவார். பெரும்பாலும் அந்தப் பழுது போர்டில் இருக்காது. ஒரு ஃபியூஸ், ஒரு டோர் ஸ்விட்ச், எலி கடித்த ஒரு வயர், தூசி படிந்த ஒரு சென்சார் என்று எதிலாவது இருக்கும். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக் மெக்கானிக் முடித்தவர்களும், டிப்ளமோ முடித்துவிட்டு ஜெராக்ஸ் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் சர்வீஸ் போகத் தொடங்கியவர்களும் இந்தத் திறமையை முதல் வருடத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எது எந்த வோல்ட்டில் ஓடுகிறது

டயகிராமைத் திறப்பதற்கு முன் மனதில் பதிய வேண்டியது இது. எந்தக் கம்பெனி மெஷினானாலும் உள்ளே ஓடும் மின்சாரத்தை நான்காகப் பிரித்துவிடலாம். நகர்வதற்கு 24 வோல்ட் டி.சி. மோட்டார், கிளட்ச், சோலினாய்டு, ஃபேன் எல்லாம் இதில் அடங்கும். பார்ப்பதற்கும் முடிவெடுப்பதற்கும் 5 வோல்ட், 3.3 வோல்ட், அதாவது சென்சார்களும் கன்ட்ரோல் போர்டும். சூடேற்றுவதற்குச் சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி. பிம்பம் உருவாக்குவதற்குச் சில நூறு வோல்ட்டிலிருந்து பல ஆயிரம் வோல்ட் வரை. சில மாடல்களில் 12 வோல்ட்டும் இருக்கும். ஸ்கேனர் பக்கம் பாருங்கள்.

இந்தப் பிரிவினை ஒன்றை வைத்தே பாதிக் கோளாறுகளைத் தரம் பிரிக்கலாம். திரை எரிகிறது, பட்டன் வேலை செய்கிறது, ஆனால் ஒரு மோட்டார் சத்தம்கூட இல்லை என்றால் 5 வோல்ட் நலம், 24 வோல்ட் வரவில்லை. அடுத்துக் கைவைக்க வேண்டியது டோர் ஸ்விட்ச். முன்கதவையோ பக்கக் கதவையோ திறந்தால் ஆளுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக 24 வோல்ட் வழித்தடத்தையே அந்தச் சின்ன மைக்ரோ ஸ்விட்ச் வழியாக விட்டிருப்பார்கள். அதனால்தான் டயகிராமில் 24 வோல்ட் இரண்டு பெயர்களில் வரும். ஒன்று எப்போதும் இருக்கும் 24. இன்னொன்று கதவு மூடியிருந்தால் மட்டும் வரும் 24. ஒரு பாகத்துக்கு இவற்றில் எது போகிறது என்று பார்க்காமல் மீட்டரை வைப்பதில் பயனில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு "24 வரவில்லை" என்று போர்டைப் பழி சொல்வது இந்தத் தொழிலில் தினமும் நடக்கிறது.

கதவின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து ஸ்விட்சை அழுத்தாமல் போவதும் உண்டு. அதற்கு எந்த போர்டும் மருந்தில்லை.

உயிர் முதலில்

ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பல மெஷின்களில் முன்பக்க ஸ்விட்ச் மெஷினைத் தூங்க வைக்கும் பட்டன்தான். ஈரப்பதத்தைத் தடுக்கும் ஹீட்டர் பொருத்திய மாடல்களில், மெயின் ஸ்விட்ச் ஆஃப் ஆன பிறகும் உள்ளே 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் ஓடாத நேரத்தில் ஈரத்தைத் தடுக்கவே அந்த ஹீட்டரை வைத்திருக்கிறார்கள். ஆகவே பிளக்கைப் பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை போர்டிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி. தங்கியிருக்கும், 230 ஏ.சி.யின் உச்ச மதிப்பு அது. சில நிமிடம் பொறுத்து, மீட்டரில் அளந்து, இறங்கிவிட்டது என்று உறுதி செய்த பிறகே விரல் போக வேண்டும்.

ஹை வோல்டேஜ் வழித்தடத்தில் சாதாரண மல்டிமீட்டரை வைக்கவே கூடாது. மீட்டரும் போகும், கையும் போகும். லேசர் யூனிட் திறந்திருக்கும்போது மெஷினை ஓடவிடக் கூடாது. அந்த ஒளி பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும். மோதிரம், கைச்செயின், உலோகக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். மீட்டரின் சிவப்பு லீடு ஆம்பியர் துளையில் செருகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அங்கே செருகிக்கொண்டு 230 வோல்ட்டை அளப்பது நேரடி ஷார்ட்.

டயகிராமைப் படிக்கும் முறை

மேனுவலில் பொதுவாக மூன்று வகைப் படங்கள் இருக்கும். பாகங்கள் மெஷினில் எங்கே இருக்கின்றன என்று காட்டும் இருப்பிடப் படம். எந்த போர்டு எதோடு பேசுகிறது என்று காட்டும் பிளாக் டயகிராம். ஒவ்வொரு வயரையும் பின் எண்ணோடு காட்டும் முழு சர்க்யூட் டயகிராம். ஜெராக்ஸ் கம்பெனி மேனுவல்களில் பி.எஸ்.டி. என்று தனிப்பகுதி உண்டு. காகிதம் எடுப்பதற்கு ஒரு ஷீட், சூடேற்றுவதற்கு ஒரு ஷீட் என்று வேலைவாரியாகப் பிரித்திருப்பார்கள். கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

கேனன் மேனுவலில் பி.எஸ். என்றால் சென்சார், எம் என்றால் மோட்டார், சி.எல். கிளட்ச், எஸ்.எல். சோலினாய்டு, எஃப்.எம். ஃபேன், ஜே என்றால் கனெக்டர். ரிக்கோவில் கனெக்டருக்கு சி.என். என்று போடுவார்கள். ஒரு கம்பெனியின் எழுத்துகள் பழகிவிட்டால் மற்றது ஒரே நாளில் பழகிவிடும்.

ஒரு சிக்னல் எப்போது 'இயங்கு' என்று சொல்கிறது என்பதைக் கவனமாகப் பாருங்கள். காப்பியரில் பல பாகங்கள், சிக்னல் 0 வோல்ட்டுக்கு இறங்கும்போதுதான் இயங்கும். இதைக் காட்டச் சில மேனுவல்களில் கீழ்நோக்கிய முக்கோணம் இருக்கும். சிலவற்றில் பெயருக்கு மேலே ஒரு கோடு. சிலவற்றில் நட்சத்திரக் குறியோ சாய்கோடோ. இந்தக் குறியைக் கவனிக்காதவர் சரியான அளவைத் தவறென்று முடிவு கட்டிவிடுவார்.

நான் சொல்லும் வழி இது: டயகிராமில் போர்டிலிருந்து தொடங்காதீர்கள், வேலை செய்யாத பாகத்திலிருந்து தொடங்குங்கள். அந்தப் பாகத்துக்கு சப்ளை எங்கிருந்து வருகிறது, அதை இயக்கி நிறுத்துவது யார், அது எந்த கிரவுண்டுக்குத் திரும்புகிறது என்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டு, வழியில் வரும் ஒவ்வொரு கனெக்டரின் எண்ணையும் பின் எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முழு டயகிராமும் நூற்றுக்கணக்கான கோடுகளாக மிரட்டும். உங்களுக்கு வேண்டியது அதில் மூன்று நான்கு கோடுகள்தான். பெரிய தாளில் பிரின்ட் எடுத்து 24 வோல்ட் வழியைச் சிவப்பிலும் 5 வோல்ட் வழியை நீலத்திலும் கிரவுண்டைக் கறுப்பிலும் வரைந்து வைத்துக்கொண்டால், அந்த மாடல் உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

ஒரு கிளட்ச், நாலு அளவுகள்

இரண்டாவது ட்ரேயிலிருந்து காகிதம் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ரோலர் தேய்ந்திருக்கிறதா, வழுவழுப்பாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அதற்கு டயகிராம் தேவையில்லை. ரோலர் நன்றாக இருந்தும் சுழலவே இல்லை என்றால் கிளட்ச் பக்கம் போகலாம்.

இதற்கு மெஷினின் சர்வீஸ் மோடே உதவும். கியோசெராவில் யூ032 கிளட்சுகளை ஒவ்வொன்றாக இயக்கிக் காட்டும். யூ030 மோட்டார்களை இயக்கும், யூ031 சென்சார் நிலையைக் காட்டும். ரிக்கோவில் எஸ்.பி. 5-804 பாகங்களை இயக்கவும், 5-803 சென்சார் நிலையைப் பார்க்கவும். கேனன் சர்வீஸ் மோடிலும் பார்ட்-செக் என்று உண்டு. கிளட்சை இயக்கிக் காதைக் கொடுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் மின்சாரம் சரி, கோளாறு மெக்கானிக்கல். சத்தம் இல்லையென்றால் மீட்டரை எடுங்கள்.

கிளட்சுக்கு இரண்டு வயர்கள். ஒன்றில், கதவு மூடியிருக்கும்வரை, 24 வோல்ட் நிற்கும். மற்றது போர்டிலுள்ள டிரைவர் டிரான்சிஸ்டருக்குப் போகும். இயக்க வேண்டிய நேரத்தில் அந்த டிரான்சிஸ்டர் அதைக் கிரவுண்டோடு சேர்க்கும். கிளட்ச் சும்மா இருக்கும்போது இரண்டு பின்னிலும் 24 வோல்ட் காட்டுவது இதனால்தான். புதிதாக வருபவர்கள் இதைப் பார்த்து, "இரண்டு பக்கமும் 24 வருகிறது, ஏதோ ஷார்ட்" என்று பயப்படுகிறார்கள். அப்படி வருவதுதான் சரி. சப்ளையும் காயிலும் நலம் என்பதற்கு அது சாட்சி.

மீட்டரின் கறுப்பு லீடை போர்டின் கிரவுண்டு பின்னில் வையுங்கள். பெயின்ட் அடித்த சட்டத்தில் வைத்தால் அளவு பொய் சொல்லும். இரண்டு பின்னிலும் 0 என்றால் சப்ளையே வரவில்லை; ஃபியூசையும் டோர் ஸ்விட்ச் வழியையும் தேடுங்கள். ஒன்றில் 24, மற்றதில் ஏறக்குறைய 0 காட்டி, கிளட்சும் பிடிக்காமல் இருந்தால் காயில் அறுந்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி, கனெக்டரைக் கழற்றி ஓம் ரேஞ்சில் உறுதி செய்யுங்கள். இப்போது கிளட்சை இயக்கும்படி சர்வீஸ் மோடில் கட்டளை கொடுங்கள். டிரைவர் பக்கப் பின் 24-இலிருந்து 0-க்கு அருகே இறங்கியும் ரோலர் சுழலவில்லை என்றால் கிளட்ச் உள்ளே வழுக்குகிறது. இறங்கவே இல்லையென்றால் அதே வயரை போர்டு கனெக்டரில் அளங்கள். போர்டில் 0-க்கு அருகே காட்டுகிறது, கிளட்சில் இறங்கவில்லை என்றால் நடுவில் வயர் போயிருக்கிறது. போர்டிலேயே இறங்கவில்லை என்றால்தான், இத்தனைக்கும் பிறகுதான், போர்டைச் சந்தேகிக்க நியாயம் வருகிறது.

அப்போதும் அவசரம் வேண்டாம். அந்த டிரைவர் ஏன் செத்தது? கிளட்ச் காயில் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி அளவுக்கு மீறிய கரன்ட் இழுத்திருக்கலாம். அதே மெஷினில் நன்றாக வேலை செய்யும் இன்னொரு ட்ரேயின் கிளட்ச் எத்தனை ஓம் என்று அளந்து, இதனோடு ஒப்பிடுங்கள். வெகுவாகக் குறைந்திருந்தால், கிளட்சை மாற்றாமல் புது போர்டு போட்டால் புது போர்டும் போய்விடும். போர்டு இரண்டாம் முறை போன பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்களே அதிகம்.

சோலினாய்டும் பல மாடல்களின் ஃபேன்களும் இதே வழியில்தான் ஓடுகின்றன. இந்த ஒரு சர்க்யூட் புரிந்துவிட்டால் மெஷினில் நகரும் பாகங்களில் பெரும்பகுதி புரிந்த மாதிரி.

வழித்தடம் நீளமாக இருந்தால், முனையிலிருந்து முனைவரை ஒவ்வொன்றாக அளக்காதீர்கள். கடைமடைக்குத் தண்ணீர் வராதபோது விவசாயி முதலில் நடு மடையைப் பார்ப்பதுபோல நடுவிலுள்ள கனெக்டரில் அளங்கள். அங்கே இருந்தால் பிற்பாதி, இல்லையென்றால் முற்பாதி. மூன்று நான்கு அளவுகளில் இடம் பிடிபட்டுவிடும்.

ஒன்றாகச் செத்தவை எவை?

டயகிராம் தன் முழுப் பயனைக் காட்டுவது இந்தக் கேள்வியில்தான். ஒரு ஃபேன் ஓடவில்லை, இரண்டு சோலினாய்டு வேலை செய்யவில்லை, டூப்ளெக்ஸ் மோட்டாரும் நிற்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் நாலு கோளாறு. டயகிராமில் நான்கையும் விரலால் பின்னோக்கித் தொடர்ந்து போனால் எல்லாம் ஒரே ஃபியூசில் போய்ச் சேரும். பவர் சப்ளை போர்டிலிருந்து 24 வோல்ட் பல கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஃபியூஸ் வைத்துத்தான் வெளியே வருகிறது. கன்ட்ரோல் போர்டிலும் ஐ.சி.பி. என்று எழுதிய கடுகளவு ஃபியூஸ்கள் இருக்கும். பார்ப்பதற்கு டிரான்சிஸ்டர் மாதிரியோ சிப் ரெசிஸ்டர் மாதிரியோ தோன்றுவதால் பலரும் அதை ஃபியூஸ் என்றே நினைப்பதில்லை. அந்தச் சின்ன ஐ.சி.பி. ஒன்றுக்காகக் குப்பைக்குப் போன போர்டுகள் ஏராளம்.

ஃபியூஸ் போனது விளைவு. காரணம் அந்தக் கிளையில் எங்கோ இருக்கிறது. மின்சாரம் இல்லாத நிலையில் கிளையிலுள்ள கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே, ஃபியூசுக்குப் பின்புறத்திலிருந்து கிரவுண்டு வரை ஓம் பாருங்கள். எதைக் கழற்றியதும் ஷார்ட் மறைகிறதோ அதுதான் குற்றவாளி. பிறகு அதே ரேட்டிங் ஃபியூஸ் போடுங்கள். வயர் வைத்து ஒட்டுவதும், பெரிய ரேட்டிங் போடுவதும் மெஷினுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

சென்சார்

காகிதப் பாதையில் இருப்பவை பெரும்பாலும் போட்டோ இன்டரப்டர்கள். ஒரு பக்கம் எல்.இ.டி., எதிர்ப்பக்கம் போட்டோ டிரான்சிஸ்டர், நடுவில் வந்து போகும் ஒரு பிளாஸ்டிக் கொடி. மூன்று வயர்: 5 வோல்ட், கிரவுண்டு, சிக்னல். கொடியைக் கையால் அசைத்தால் சிக்னல் 0-க்கும் 5-க்கும் இடையே தாவ வேண்டும். 2 வோல்ட், 3 வோல்ட் என்று நடுவில் தொங்கினால் தூசியோ டோனரோ அடைத்திருக்கிறது, அல்லது எல்.இ.டி. மங்கிவிட்டது. ஊதிச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி அளங்கள்.

சென்சாரா, போர்டா என்ற சந்தேகம் வந்தால் ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போதும். பெரும்பாலான மாடல்களில் சிக்னல் வயரைப் போர்டே ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்திருக்கும். டயகிராமில் அதை உறுதி செய்துகொண்டு, சென்சாரைக் கழற்றிவிட்டு, சிக்னல் பின்னை அந்த ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டோடு தொடுங்கள். சர்வீஸ் மோடில் அந்த சென்சாரின் 0, 1 மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் வயரும் போர்டும் நலம், சென்சார்தான் பழுது. வெறும் வயரால் தொடாமல் ரெசிஸ்டர் வைக்கச் சொல்வது ஏனென்றால், தவறி 5 வோல்ட் பின்னில் பட்டாலும் 50 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும்.

மோட்டார் எரர் வந்தாலும் இதே நிதானம் வேண்டும். மோட்டாருக்கு 24 வோல்ட்டும் ஆன் சிக்னலும் போகின்றன. சரியான வேகத்தை எட்டியதும் மோட்டார் 'லாக்' என்று ஒரு பதில் சிக்னல் அனுப்புகிறது. பதில் வராவிட்டால்தான் எரர். வேஸ்ட் டோனர் அடைத்து டிரம் யூனிட் இறுகிப்போயிருந்தாலும் அதே எரர்தான் வரும். யூனிட்டை வெளியே எடுத்துவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சூடேற்றும் பகுதி

டெக்னீஷியனின் பொறுப்பு உணர்வு வெளிப்படும் இடம் ஃபியூசர். கேனனில் இ000, ரிக்கோவில் எஸ்.சி. 541 முதல் 545 வரை, கியோசெராவில் சி6000 என்று வரும் எண்கள் எல்லாம் இந்தப் பகுதியைச் சேர்ந்தவை. இவற்றில் பலவற்றை ஸ்விட்சை ஆஃப், ஆன் செய்து போக்க முடியாது. சர்வீஸ் மோடில் போய்த்தான் அழிக்க வேண்டும். தீப்பிடிக்கும் வாய்ப்புள்ள பகுதி என்பதால், தெரிந்தவர் ஒருவர் பார்க்காமல் மெஷின் மறுபடி ஓடக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். காரணம் தேடாமல் எரரை மட்டும் அழித்துவிட்டு வருவது பெரிய தவறு.

வழித்தடம் எளிமையானது. 230 வோல்ட் ரிலே வழியாக வந்து, டிரையாக் அதை வெட்டி வெட்டிக் கொடுக்க, தெர்மோஸ்டாட்டைக் கடந்து ஹாலஜன் லேம்ப்புக்குப் போகிறது. தெர்மிஸ்டர் தனியாக நின்று வெப்பத்தைப் போர்டுக்குச் சொல்கிறது. பிளக்கைப் பிடுங்கி, யூனிட் ஆறிய பிறகு வெளியே எடுத்து அளங்கள். 1000 வாட் லேம்ப் எரியும்போது சுமார் 53 ஓம். குளிர்ந்த நிலையில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாலைந்து ஓம் அளவே காட்டும். மீட்டர் 4 ஓம் காட்டியதும் ஷார்ட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் 0 ஓம் காட்ட வேண்டும். தெர்மிஸ்டர் அறை வெப்பத்தில் பெரும்பாலும் சில நூறு கிலோ ஓம். விரலால் சற்று நேரம் பிடித்துக்கொண்டால் மதிப்பு நிதானமாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பழுது. சில புது மாடல்களில் தொடாமலே வெப்பம் அறியும் சென்சாரும், லேம்ப் இல்லாத இண்டக்ஷன் சூடேற்றியும் வருகின்றன. அவற்றுக்கு மேனுவலில் சொன்ன முறையை மட்டும் பின்பற்றுங்கள்.

தெர்மோஸ்டாட் அறுந்திருந்தால் அது ஏன் அறுந்தது என்பது அடுத்த கேள்வி. தெர்மிஸ்டர்மேல் டோனரும் காகிதத் தூளும் கட்டியாகப் படிந்து உண்மையான வெப்பத்தை மறைத்திருக்கலாம். டிரையாக் ஷார்ட் ஆகி லேம்ப் நிற்காமல் எரிந்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டை வயர் போட்டு இணைத்து 'இப்போதைக்கு ஓட்டிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த அலுவலகத்தில் வேலை செய்பவர்களின் உயிரோடு விளையாடுவது அது. எவ்வளவு அவசரமான வாடிக்கையாளராக இருந்தாலும் செய்யாதீர்கள்.

லேம்ப்பும் தெர்மிஸ்டரும் நன்றாக இருந்தும் சூடு ஏறவில்லை என்றால் சுவருக்குப் போங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டிய மெஷினில், லேம்ப் எரியும் நேரத்தில் வோல்ட்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று மெஷினின் பிளக் முனையிலேயே அளந்து பாருங்கள். யூனிட்டின் டிராயர் கனெக்டரில் ஒரு பின் கருகியிருந்தாலும் இதே அறிகுறி வரும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின் என்றால் பின்பக்க லேபிளைப் படிக்காமல் பிளக்கை மாட்டவே கூடாது. அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டுக்கானது. அதன் லேம்ப்புக்கு நம் 230 வோல்ட் கொடுத்தால் ஏறக்குறைய நான்கு மடங்கு வாட் பாயும்.

மீட்டர் இல்லாமலே சில முடிவுகள்

ஹை வோல்டேஜ் பக்கம் மீட்டர் வைக்க முடியாதென்றால் என்ன செய்வது? வெளிவரும் தாளையே பார்த்து முடிவெடுக்கலாம். இந்த நகலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், 1938-இல் நியூயார்க்கின் அஸ்டோரியாவில் கந்தகம் பூசிய தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றம் செய்துதான் முதல் பிரதியை எடுத்தார். அந்தத் தேய்ப்பின் வேலையை இன்று ஹை வோல்டேஜ் போர்டு செய்கிறது. அந்த மின்னேற்றம் டிரம்முக்குப் போகாவிட்டால் இன்றைய லேசர் மெஷினில் தாள் முழுவதும் கறுப்பாக வரும். வெள்ளையாக வந்தால், காப்பி பாதியில் இருக்கும்போது கதவைத் திறந்து மெஷினை நிறுத்தி டிரம்மைப் பாருங்கள். டிரம்மில் எழுத்து இருந்து தாளில் இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் பக்கம். டிரம்மிலேயே இல்லையென்றால் லேசர் அல்லது டெவலப்பர் பக்கம். போர்டைத் தொடுமுன், அந்த மின்சாரம் யூனிட்டுக்குள் நுழையும் ஸ்பிரிங் கான்டாக்டைத் துடையுங்கள். மழைக்காலத்தில் டோனரும் ஈரமும் சேர்ந்து அங்கே கசிவு உண்டாக்கும்.

வந்து வந்து போகும் கோளாறுக்கு ஏ.டி.எஃப். கீல் அருகே மடங்கி மடங்கி நிமிரும் வயர்க்கட்டையும், ரிலேயின் அடியிலுள்ள சால்டரையும் முதலில் பாருங்கள். எர்த் இல்லாத பிளக் பாயின்டும் இப்படிப்பட்ட மர்மக் கோளாறுகளைக் கொடுக்கும். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே பல வோல்ட் காட்டினால் எலெக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்லிவிட்டு, அதை ரிப்போர்ட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

வேலையில் உயர

இந்தத் திறமைக்கு வெளியில் தெரியும் சான்று, நீங்கள் எழுதும் கால் ரிப்போர்ட். "போர்டு பழுது" என்று எழுதுபவருக்கும், "ட்ரே 2 கிளட்ச்: ஓய்வில் 24/24, இயக்கும்போது 24/24, போர்டு கனெக்டரிலும் 24, கிளட்ச் காயில் நலம், டிரைவர் பழுது" என்று எழுதுபவருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த மேலாளரும் உடனே பார்த்துவிடுவார். உதிரிபாகங்களும் அடங்கிய ஏ.எம்.சி.யில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) அந்தச் செலவு கம்பெனியின் கையிலிருந்து போவதால் இந்த எண்களுக்கு அங்கே நேரடி மதிப்பு உண்டு. நேர்காணலிலும் ஒரு டயகிராமை நீட்டி "இந்த சென்சார் 5 வோல்ட்டை எங்கிருந்து வாங்குகிறது?" என்று கேட்பது இப்போது சகஜம்.

போர்டை மாற்றியே ஆக வேண்டிய நிலையில், அதற்கு முன் செட்டிங் பிரின்ட் எடுங்கள். ரிக்கோவில் எஸ்.எம்.சி. பிரின்ட், கேனனில் பி-பிரின்ட், கியோசெராவில் யூ000. கவுன்ட்டரும் அட்ஜஸ்ட்மென்ட் அளவுகளும் பழைய போர்டிலுள்ள மெமரியில்தான் இருக்கின்றன. அந்த மெமரியைப் புது போர்டுக்கு மாற்ற வேண்டுமா என்று மேனுவலில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

பயிற்சிக்குப் பெரிய செலவில்லை. சென்னை ரிச்சி தெருவிலும் பழைய மெஷின் உடைக்கும் கடைகளிலும் சென்சார், கிளட்ச், 24 வோல்ட் பவர் சப்ளை எல்லாம் மலிவாகக் கிடைக்கும். மேஜைமேல் வைத்து இயக்கி, அளந்து, டயகிராமோடு ஒப்பிடுங்கள். இதில் தேறியவர் காப்பியரோடு நின்றுவிட வேண்டியதில்லை. ஏ.டி.எம்., லிஃப்ட், மருத்துவமனைக் கருவிகள், தொழிற்சாலை மெஷின்கள் பலவற்றிலும் 24 வோல்ட்டும், சென்சாரும், பாதுகாப்பு ஸ்விட்சும் இதே முறையில்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பழுதான மெஷினை அளப்பதற்கு முன் நன்றாக ஓடும் மெஷினை அளங்கள். உங்கள் ஏரியாவில் அதிகம் இருக்கும் ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்து, அதன் ஒவ்வொரு கிளட்ச், சோலினாய்டு, தெர்மிஸ்டரின் ஓம் மதிப்பையும், முக்கியமான கனெக்டர் பின்களின் வோல்ட்டேஜையும் ஒரு நோட்டில் பின் எண்ணோடு எழுதி வையுங்கள். அடுத்த பராமரிப்பு விசிட்டிலேயே தொடங்கிவிடுங்கள்.